நல்லதங்காள் கதை

நல்லதங்காள் கதை, தென் தமிழ்நாட்டில் வழங்கும் கதைப்பாடல். பஞ்சத்தில் பிறந்தவீடு தேடி வந்த ஒரு தாய், ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்து மாண்டதையும், அண்ணன் அதற்குப் பழிவாங்கியதையும் சொல்வது. கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஊர், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பு அருகிலுள்ள அர்ச்சுனாபுரம். அங்கே அவளுக்குக் கோயில் இருக்கிறது. இக்கதை வழங்கும் தெற்கே, குளத்தூர், விளாத்திகுளம், கோவில்பட்டி எனப் பரந்த கரிசல் சீமையில் வானம் பொய்த்தால் கம்பும் இல்லை, சோளமும் இல்லை. கதையில் வரும் பஞ்சத்தை இந்த மண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மானாமதுரையில் காசிராஜனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நல்லதங்காள். நாட்டில் பஞ்சம் நீள, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிறகு கொடுப்பது பழைய கேழ்வரகு, உடைந்த சட்டி, அடுப்பெரிக்கப் பச்சை வாழைமட்டை. எரியாத வாழைமட்டையை ஊதி ஊதிக் கண் சிவக்கும் தாயும், அடுப்பைச் சுற்றிப் பசியோடு நிற்கும் பிள்ளைகளுமான இந்த இடத்தில்தான் கதையின் உயிர் இருக்கிறது. கிணற்றுக்கு நடக்கும் முடிவை அவள் எடுப்பது இங்கே. தப்பி ஓடும் மூத்தவனையும் விரட்டிப் பிடித்துத் தள்ளுகிறாள்.

திரும்பி வந்த நல்லதம்பி விஷயம் அறிந்து கதறுகிறான். மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லி மனைவியின் உறவினரை வரவழைத்துக் கொல்கிறான்; மனைவியையும் கொன்று, தானும் சாகிறான். மூளியைச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டதாகவும் சொல்வார்கள். பாடத்துக்குப் பாடம் தண்டனை மாறுகிறது.

பிள்ளைகளைக் கொன்ற தாய் என்றதும் உலக இலக்கியம் அறிந்தவர்களுக்கு யூரிப்பிடிஸின் 'மெதேயா' (கி.மு. 431) நினைவுக்கு வரும். ஆனால் மெதேயா கொல்வது கணவனைத் தண்டிக்க. கொன்றபின் அவள் தப்பிப் போகிறாள். நல்லதங்காள் யாரையும் தண்டிக்கக் கிணற்றுக்குப் போகவில்லை. பிள்ளைகள் பசியால் துடிப்பதைப் பார்க்க முடியாமல் போகிறாள். பொருத்தமான ஒப்பீடு ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்தேயா' (கி.மு. 458). மகளைப் பலிகொடுத்த கணவனை மனைவி கொல்ல, அவளை மகன் கொல்கிறான். குடும்பத்துக்குள் சுற்றிய அந்தப் பழி ஏதென்ஸில் வழக்குமன்றம் ஏறி, வாக்குகள் சமமாகப் பிரிந்ததால் மகன் விடுதலையாவதோடு நிற்கிறது. பழிகேட்டு வந்த தேவதைகளுக்கு அந்த நகரிலேயே இருப்பிடமும் வழிபாடும் கிடைக்கின்றன.

அர்ச்சுனாபுரத்தில் வழக்குமன்றம் இல்லை. முறையிடுபவனும் தீர்ப்பு சொல்பவனும் வாள் எடுப்பவனும் ஒரே அண்ணன். ஆனால் செத்தவளுக்குக் கோயில் எழுந்தது. தென்மாவட்டங்களில் அநியாயமாகச் செத்தவர்களுக்குப் பீடம் போட்டு, கொடை கொடுத்து, வில்லுப்பாட்டில் அவர்கள் கதையைப் பாடி ஆற்றுவது வழக்கம். கேட்கும் பெண்கள் அழுவது அந்தச் சடங்கின் ஒரு பகுதியே.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நல்லதங்காள் கதையை நாடகமாக்கினார். திருவிழாக் கடைகளில் 'பெரிய எழுத்து' நூலாக விற்றது. மலையாளத்தில் 1950-இலும் தமிழில் 1955-இலும் திரைப்படமாயிற்று.

கதை ஒரு விஷயத்தில் நியாயம் தவறுகிறது. முழுப் பழியும் மூளியின் தலையில் விழுகிறது. 'மூளி அலங்காரி' என்பது இன்றும் வசவு. மனைவியையும் பிள்ளைகளையும் போகவிட்ட காசிராஜனிடமோ, தங்கைக்குப் பங்கில்லாத வீட்டை ஆண்ட நல்லதம்பியிடமோ கதை எதுவும் கேட்பதில்லை. உரிமையோடு வந்திருந்தால் அவளுக்குக் கதவு சாத்தப்பட்டிருக்காது. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்த 1989-ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை விலக்கியே வைத்தது. நல்லதங்காளைப் போல வாழ்க்கைப்பட்டுப் போன மகள்களுக்கும் அந்த உரிமை வந்தது 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தத்தில்தான்.