பட்டறைக்குள் வந்த பென்சீன்

பென்சீன் நஞ்சு என்பது காலம் கடந்துதான் தெரிந்தது, தெரியாமல் கையாண்டதால்தான் அத்தனை தொழிலாளர்கள் மாண்டார்கள் என்பது வழக்கமான விளக்கம். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நிற்கவில்லை. விளக்கெரிக்கும் வாயுவை அழுத்தி அடைக்கும்போது தங்கிய எண்ணெயிலிருந்து 1825இல் மைக்கேல் ஃபாரடே பென்சீனைப் பிரித்தெடுத்தார். நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் முறையை வகுத்த சார்லஸ் மான்ஸ்ஃபீல்டு, 1855இல் வடிகலன் பொங்கித் தீப்பற்றியதில் உயிரிழந்தார். 80.1 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் இந்தத் திரவம் பனிக்குளிரிலும் தீப்பிடிக்கும் ஆவியை விடும். காற்றைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமான அந்த ஆவி தரையோடு பரவும். தீயின் ஆபத்து, ஆக, தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ரத்தத்தின் ஆபத்தும் நெடுநாள் மறைந்திருக்கவில்லை. ஸ்வீடனில் பென்சீனைக் கையாண்டு சைக்கிள் டயர் செய்த இளம்பெண்கள் ரத்தம் வற்றி இறந்ததை 1897இல் ஆய்வாளர் சான்டெசன் பதிவுசெய்தார்.

இத்தனைக்குப் பிறகும் பயன்பாடு பெருகியதற்குக் காரணம் முதல் உலகப் போர். வெடிமருந்துக்கு டொலுயீன் வேண்டியிருந்ததால் கோக் அடுப்புகளின் வாயுவிலிருந்து அதை மீட்டார்கள். கூடவே பென்சீனும் ஏராளமாகக் கிடைத்தது. போர் முடிந்ததும் மிஞ்சிய சரக்குக்குச் சந்தை தேடப்பட்டது. ரப்பரையும் கொழுப்பையும் எளிதில் கரைத்து, பூசிய சிறிது நேரத்தில் காய்ந்துவிடும் குணம் பசைத் தொழிலுக்கு வெகுவாகப் பொருந்தியது. மலிவும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவில் இந்த ஆபத்து வளர்வதை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1922இலேயே எழுதி எச்சரித்தார். 1948இல் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமே வெளியிட்ட ஆய்வுரை, முற்றிலும் பாதுகாப்பான அளவு பூஜ்யம் மட்டுமே என்று ஒப்புக்கொண்டது. என் வாதத்துக்கு வலுவான சான்று அடுத்து நடந்ததுதான். இஸ்தான்புல் செருப்புப் பட்டறைகளில் பென்சீன் கலந்த பசை நுழைந்ததே 1955க்குப் பிறகு. காற்றோட்டமில்லாத சிறு அறைகளில் அதைச் சுவாசித்தவர்களில் 26 பேருக்கு ரத்தப்புற்றோ அதன் முன்நிலையோ வந்ததை மருத்துவர் முசாஃபர் அக்சோய் 1974இல் வெளியிட்டார். அறிவு இருந்தது, பசை டப்பா போன இடத்துக்கு அது போகவில்லை.

மாற்று இல்லையே என்று கேட்கலாம். டொலுயீன் அதே நிலக்கரித் தாரில்தான் இருந்தது. அதன் வளையத்தில் தொங்கும் மெத்தில் தொகுதியைக் கல்லீரல் ஆக்சிஜனேற்றம் செய்து சிறுநீரில் தள்ளிவிடும். பென்சீனில் அந்தப் பிடிமானம் இல்லாததால் வளையமே தாக்கப்பட்டு, அப்போது உண்டாகும் பொருள்கள் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கின்றன. ஆனாலும் டொலுயீன் மூளையைத் தாக்கும். பென்சீனுக்குப் பதிலாக வந்த ஹெக்சேன், ஜப்பானிய செருப்புத் தொழிலாளர்களின் கைகால் நரம்புகளைக் கெடுத்தது. எனவே மாற்றுகள் தீங்கற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சிக்கலைக் காரணம் காட்டிப் பென்சீனை விட்டுவைத்ததை நியாயப்படுத்த முடியாது. குறைந்த அளவும் கொல்லும் என்பதற்கு நிரூபணம் எங்கே என்ற கேள்வியும் எழுந்தது. அமெரிக்க அரசு 1978இல் பணியிடக் காற்றில் பென்சீனுக்கான வரம்பைப் பத்து லட்சத்தில் 10 பங்கிலிருந்து 1 பங்காகக் குறைத்தபோது, போதிய ஆபத்து காட்டப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1980இல் அதை ரத்து செய்தது. அதே 1 பங்கு 1987இல் மீண்டும் சட்டமானது. இடையிலிருந்த ஏழு ஆண்டுகளிலும் நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் பக்கமே இருந்தது.