பாதிரியாரும் பஞ்ச் கார்டும்



சாஃப்ட்வேர் என்றதும் நம் வீடுகளில் ஞாபகத்துக்கு வருவது ஆன்சைட், அப்ரைசல், ஈ.எம்.ஐ... பழைய நூல்களை ஆராய்வதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த சம்பந்தத்துக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது.

இத்தாலியில் ராபர்ட்டோ பூசா என்று ஓர் ஏசு சபைப் பாதிரியார். 13-ஆம் நூற்றாண்டு அறிஞர் தாமஸ் அக்வினாஸின் லத்தீன் நூல்களை ஆராய்ந்தார். அதில் 'இன்' என்ற துக்கடாச் சொல்தான் அவருக்கு முக்கியமாகப் பட்டது. நம் 'வீட்டில்', 'மனதில்' என்பவற்றில் வரும் 'இல்' மாதிரி. அது வரும் வாக்கியங்களைக் கையாலேயே 10,000 அட்டைகளில் எழுதினார். ஒரு சொல்லுக்கே இவ்வளவு என்றால் எல்லாச் சொற்களுக்கும்?

1949-ல் நியூயார்க் போய் ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனைப் பார்த்தார். இது எங்கள் மிஷினால் ஆகாது என்பதுதான் முதலில் கிடைத்த பதில். பாதிரியார் விடவில்லை. கடைசியில் வாட்சன் சம்மதித்தார். பால் டாஸ்மன் என்ற ஐபிஎம் ஊழியர் துணைக்கு வந்தார். கணக்கு போடச் செய்த மிஷினைச் சொல் தேட வைப்பது எப்படி என்று இருவரும் யோசித்தார்கள்.

வழி இதுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. எந்த நூல், எந்த வரி என்ற விலாசம் அதில் துளையாக இருக்கும். மிஷின் அகர வரிசையில் அடுக்கும். ஆனால் 'வந்தான்', 'வருகிறாள்' எல்லாம் 'வா'வின் பிள்ளைகள் என்று மிஷினுக்குத் தெரியாது. லத்தீனிலும் இதே தலைவலி. அதை மனிதர்கள்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருந்தது.

சுமார் 1 கோடியே 10 லட்சம் சொற்கள். 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அச்சில் வந்தது. 2005-ல் இணையத்துக்கும் வந்துவிட்டது. பூசா 2011-ல் காலமானார்.

சரி, அட்டையில் துளை போட்டது யார்? மிலான் பக்கத்தில் கல்லராத்தே என்ற ஊர். அங்கே 1956-ல் பயிற்சிப் பள்ளி தொடங்கி இளம்பெண்களைச் சேர்த்தார்கள். ஒருவர் துளை போட, இன்னொருவர் சரிபார்ப்பார். வங்கியில் இருப்பவர்களுக்கு உடனே புரியும், நம்ம மேக்கர்-செக்கர்தான்! லத்தீன் தெரியாதவர்கள் இன்னும் கவனமாக அடிப்பார்கள் என்று பூசா நினைத்தாராம்.

அந்தப் பெண்கள் புகைப்படங்களில் இருக்கிறார்கள், பெயர்கள்தான் இல்லை. மெலிசா டெராஸ், ஜூலியான் நைஹன் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-ல் இதைப் பற்றி எழுதினார்கள். வயதாகிவிட்ட அந்தப் பெண்களில் சிலரை நைஹன் தேடிப்போய்ப் பேட்டியும் எடுத்தார். லெட்ஜரில் ஓர் எண்ட்ரி போட்டால்கூட யார் போட்டது, யார் பாஸ் செய்தது என்று இனிஷியல் இருக்கும். ஒரு கோடிச் சொல்லுக்கு அதுவும் இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

பேராசிரியர் பெயர் அட்டையில், புரோகிராம் எழுதியவர் பெயர் எங்கும் இல்லை என்ற நிலை வெகுகாலம் நீடித்தது. ஆய்வுக்கென்றே மென்பொருள் எழுதுபவர்களுக்கு 'ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்று தனிப் பெயரே 2012-ல்தான் பிரிட்டனில் பிறந்தது.

இந்த விஷயத்தில் நாம் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல் எதையாவது திறந்து பாருங்கள். தட்டச்சு செய்தவர், மெய்ப்பு பார்த்தவர் பெயர்கள் நூலின் தொடக்கத்திலேயே இருக்கும். அதில் பலர் நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்கள், சம்பளம் வாங்காமல் செய்தவர்கள். டிஸ்கியில் இருந்த நூல்களை யூனிகோடுக்கு மாற்றியதும் இப்படிப்பட்ட கைகள்தான்.

அடுத்த முறை பிள்ளைக்கு ஒரு பாட்டைத் திரையில் காட்டும்போது அந்த முதல் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். பெயர்களையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள்.