மூவர் பங்கிடும் 168 மணி நேரம்: பெரம்பலூர், அரியலூர் செவிலியரின் பணி–வாழ்வுச் சமநிலை குறித்து ஒரு மறுவாசிப்பு

பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களின் செவிலியரைப் பற்றி எழுதுவோரிடம் ஒரு வாசிப்பு வேரூன்றிப்போயிருக்கிறது. குடும்ப வாழ்வு பணியில் குறுக்கிடுவதாகச் செவிலியர் அதிகம் சொல்வதில்லை. ஆகவே வீட்டு ஆதரவு வலுவாக இருக்கிறது, சமநிலையும் 'மிதமாக' உள்ளது என்பது அது. எஞ்சும் சோர்வுக்கு யோகாவும் நேர மேலாண்மைப் பயிற்சியும் பரிந்துரையாக வருகின்றன. செவிலியர் தரும் விடைகளை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து எட்டப்படும் முடிவே தவறு என்கிறேன்.

சிக்கல் அளவுகோலில் தொடங்குகிறது. இவ்வகை ஆய்வுகள் விரும்பி எடுத்தாளும், ஆய்வாளர் ஹேமனின் 2005ஆம் ஆண்டு பணி–வாழ்வுச் சமநிலை வினாத்தொகுப்பில் 15 கூற்றுகள் உள்ளன. பணி சொந்த வாழ்வில் குறுக்கிடுவது பற்றி 7, சொந்த வாழ்வு பணியில் குறுக்கிடுவது பற்றி 4, இரண்டும் ஒன்றையொன்று வளப்படுத்துவது பற்றி 4. மேற்கு ஆஸ்திரேலியாவின் உயர்கல்வி நிறுவனம் ஒன்றின் மனிதவள அலுவலர்களிடம் சோதிக்கப்பட்ட கருவி இது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அலுவலர் தாமதமாக வரலாம், கோப்பை நாளைக்குத் தள்ளலாம். இரண்டாம் பகுதியின் நான்கு கூற்றுகளும் அந்த இடைவெளி இருப்பதாக எண்ணிக்கொண்டே கேட்கின்றன. இரவுப் பணியில் தனியாக நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கு அது கிடையாது. பிரசவ வலியோடு வந்த பெண்ணை நாளைக்கு வரச் சொல்ல முடியுமா? வீடு பணியில் குறுக்கிடவில்லை என்று அவர் சொல்வது, குறுக்கிட அனுமதி இல்லாத நிலையின் விவரிப்பு. அதை மனநிறைவின் சான்றாகக் கொள்வதற்கு அந்த விடையில் எதுவுமில்லை.

எந்த நிலை அது? 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்ற அளவை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 168 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டாகப் பிரித்தால் 21. மூவருக்கும் ஆளுக்கு ஏழு, அதாவது 56 மணி நேரம். வார விடுப்பு இல்லை. ஆளுக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்தால் மூன்று ஷிப்டுக்கு ஆளில்லை. யாரோ ஒருவர் அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் நின்றாக வேண்டும். ஒருவர் விடுப்பில் போனால் மற்ற இருவருக்கும் தலா 84 மணி நேரம். நேர மேலாண்மைப் பயிற்சி இந்த வகுத்தலை மாற்றாது. இது அளவை வைத்துப் போட்ட கணக்கு மட்டுமே. தரம் உயர்த்தப்பட்ட நிலையங்களில் ஆள் கூடுதலாக இருக்கலாம், காலியிடம் உள்ள நிலையங்களில் குறையலாம். பகலில் கிராம சுகாதாரச் செவிலியர் கைகொடுப்பார் என்பர். சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் வீடுவீடாகச் செல்லும் அவரை இரண்டாம் முறை எண்ண முடியாது.

அரியலூரின் சிமெண்ட் ஆலைகளில் இதற்கான ஒப்பீடு கண்முன் நிற்கிறது. 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேர வரம்பும் ஒருநாள் ஓய்வும் மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலியும் தந்தது. நடைமுறையில் அது மீறப்பட்டதுண்டு, ஆனாலும் மீறல் என்று சுட்ட ஒரு வரம்பு அங்கே இருந்தது. அதே தொழிலாளிக்கு ஊசி போடும் செவிலியருக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. அவர் ஒப்பந்தப் பணியாளராகவும் இருந்தால், விடுப்பு கேட்பதே ஆபத்து. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015இல் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை மருத்துவப் பணிகள் இயக்கக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் திரண்டார்கள். 2021இல் அரசின் நிரந்தரப் பெண் ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதமானது. ஒப்பந்தச் செவிலியர் மகப்பேறு விடுப்புக்காகவே உயர் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. பிள்ளைப்பேற்றையே பணிக்கு இடையூறாக எண்ணிப் பயப்பட வேண்டியவரிடம், சொந்த வாழ்வு பணியில் குறுக்கிடுகிறதா என்று கேட்டால் எந்த விடை வரும்?

கூட்டுக் குடும்பம் தாங்கிக்கொள்கிறது என்ற மறுப்பு என்னை அசைக்கவில்லை. மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்வதால் 56 மணி நேரம் 48 ஆகாது.

என் வாசிப்பைச் சோதிக்க வழி உண்டு. ஒரே வட்டாரத்தில் மூன்று செவிலியர் உள்ள நிலையங்களையும் ஐந்து பேர் உள்ள நிலையங்களையும் எடுத்து, டூட்டி அட்டவணையையும் மறுக்கப்பட்ட தற்செயல் விடுப்பு விண்ணப்பங்களையும் வினாத்தாளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐவர் உள்ள இடத்தில் பணியின் குறுக்கீடு குறையவில்லை என்றால் நான் சொன்னது விழும். அதுவரை, 'மிதமான சமநிலை' என்ற முடிவை நிர்வாகத்தின் முன் வைப்பதை நிறுத்தலாம். புதிய பணியிடம் கேட்டு வரும் கோப்பை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.