தலையசைக்க மூன்று ஆண்டு

ஷாக்குஹாச்சி என்னும் ஜப்பானிய மூங்கில் குழலைப் பழகுவோரிடம் ஒரு பழமொழி வழங்குகிறது: தலையசைக்க மூன்று ஆண்டு, கொரோவுக்கு எட்டு ஆண்டு. கேட்க மிகையாகத் தோன்றும். குழலின் அமைப்பைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. வழக்கமான அளவில் சுமார் 54.5 செ.மீ. நீளமுள்ள அதில் முன்பக்கம் நான்கு, பின்பக்கம் ஒன்று என ஐந்தே துளைகள். முழுதாகத் திறந்து மூடினால் ஐந்து சுரங்கள்தான் கிடைக்கும். மற்றவற்றைத் துளையைப் பாதி மூடியும், முகத்தைத் தாழ்த்தியும் உயர்த்தியும் வாசிப்பவரே உண்டாக்க வேண்டும். முகம் தாழ்ந்தால் சுரம் இறங்கி ஒலி உள்ளடங்கும்; அது ‘மேரி’. நிமிர்ந்தால் சுரம் ஏறி ஒலி துலங்கும், அது ‘காரி’. கீழ்த்துளைகளை மாறி மாறித் திறந்து மூடி எழுப்பும் உருளும் ஒலிக்குக் ‘கொரோ’ என்று பெயர். ஊதுவாய் என்பது சரித்துச் சீவிய மூங்கில் விளிம்பு மட்டுமே. காற்றுக்கு வழிகாட்ட உள்ளே எதுவும் இல்லை. எல்லாம் உதட்டின் வேலை.

இப்படிப்பட்ட கருவியில் தேர்ச்சி என்பது எது? ஜப்பானிய வரலாறு காலத்துக்குக் காலம் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறது.

குழலின் மூதாதை தாங் காலச் சீனாவிலிருந்து அரசவை இசையோடு வந்தது. நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எட்டுக் குழல்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்குத் துளைகள் ஆறு. அரசவையில் அந்த வகை வழக்கொழிந்தது. இன்றைய ஐந்து துளைக் குழல் எடோ காலத்தில், ‘கொமுசோ’ என்னும் இரந்துண்ணும் துறவிகளின் கையில்தான் உருப்பெற்றது.

முகம் முழுவதையும் மறைக்கும் கூடைத் தொப்பி அணிந்து, வீடு வீடாகக் குழலூதிச் சென்றவர்கள் இவர்கள். சென் பௌத்தத்தைச் சேர்ந்த ஃபுகே பிரிவினர். எஜமானரை இழந்த சாமுராய்கள் பலர் இந்தப் பிரிவில் அடைக்கலம் புகுந்தார்கள். நாடெங்கும் தடையின்றித் திரியும் உரிமையை 1614இல் தொகுகாவா அரசு தங்களுக்குத் தந்ததாக ஓர் ஆவணத்தைக் காட்டிவந்தார்கள். பின்னால் எழுதப்பட்ட போலி அது என்பது ஆய்வாளர் முடிவு. ஆவணம் போலியானாலும் சாதகம் உண்மையானது. குழலை அவர்கள் இசைக்கருவியாக எண்ணவில்லை, வழிபாட்டுப் பொருளாகவே கருதினார்கள். ஊதுவதே தியானம் என்பதால் அதை ‘சுய்சென்’ என்றார்கள். மூச்சு எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவே ஒரு சொற்றொடர், தாளக்கட்டு கிடையாது. பாடம் செவிவழியே வந்தது. கோவிலுக்குக் கோவில் உருப்படிகள் மாறின.

அவற்றை ஓர் இடத்தில் திரட்டியவர் கிங்கோ குரோசாவா (1710–1771). குரோதா குலத்துச் சாமுராயாகப் பிறந்து கொமுசோ ஆனவர். இளமையில் நாகசாகியில் கற்றார். பிறகு எடோவில் கற்பித்தார். கோவில்கள்தோறும் வழங்கிய உருப்படிகளைத் தொகுத்துச் செப்பனிட்டார். 36 உருப்படிகள் கொண்ட அந்தத் தொகுதிதான் கிங்கோ மரபின் அடித்தளம். ‘இந்த மரபில் இந்த உருப்படியை இப்படி வாசிக்க வேண்டும்’ என்ற அளவுகோல் அவருக்குப் பின்பே உறுதிப்பட்டது.

1871இல் மெய்ஜி அரசு ஃபுகே பிரிவையே கலைத்தது. கோவில்கள் போயின, இரந்துண்ணும் உரிமை போயிற்று. குழலும் அதோடு முடிந்திருக்கலாம். யோஷிதா இச்சோ, அராக்கி கோதோ ஆகிய இரு கலைஞர்கள் அரசிடம் முறையிட்டு, பொதுமக்கள் வாசிக்கும் இசைக்கருவியாகவாவது இது தொடர வழி தேடினார்கள். இன்று ஷாக்குஹாச்சி கேட்கும் ஒவ்வொருவரும் அந்த இருவருக்கும் கடன்பட்டவர்கள்.

குழல் பிழைத்தது, பழகும் முறை தலைகீழாக மாறியது. கோத்தோ, ஷாமிசென் என்னும் நரம்புக் கருவிகளோடு சேர்ந்து வாசிக்க வேண்டியிருந்தது. தன் மூச்சின் போக்கில் நிறுத்தவும் நீட்டவும் பழகியவர் இப்போது மற்ற இருவரின் தாளத்துக்குள் நிற்க வேண்டும். ரோ, த்சு, ரே, சி என்று விரல்நிலைகளைக் குறித்த பழைய எழுத்துமுறையில் கால அளவு தெளிவாக இல்லை. கோதோவும் உஎஹாரா ரொக்குஷிரோவும் புள்ளிகளும் கோடுகளும் சேர்த்துத் தாளத்தை எழுத்தில் கொண்டுவந்தார்கள். 1896இல் ஒசாகாவில் நாகாவோ தோசான் புதிய மரபொன்றையே நிறுவினார். அச்சிட்ட இசைத்தாள், படிப்படியான தகுதிநிலைகள், பல குழல்கள் சேர்ந்து வாசிக்கப் புதுப் படைப்புகள் என்று அது பரவியது. கியோட்டோவில் ஹிகுசி தாய்சான் போன்றோர் தாளக்கட்டில்லாத கோவில் உருப்படிகளைக் கைவிடாமல் காத்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் போக்குகள் ஒருவரிலேயே சந்தித்தன. கட்சுயா யோகோயாமா (1934–2010) தந்தையிடம் கிங்கோ மரபைக் கற்றார். ஃபுகுதா ராந்தோவிடம் நவீன இசையைக் கற்றார். வதாசூமியிடம் பயின்றது முற்றிலும் வேறு: உட்புறம் பூச்சிட்டுச் சீராக்காத பச்சை மூங்கிலை ஊதி, உடற்பயிற்சியையும் மூச்சையும் பிரிக்காமல் வாழ்ந்தவர் அவர். 1967 நவம்பரில் இசையமைப்பாளர் தகெமித்சு தோருவின் ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’ நியூயார்க் பில்ஹார்மோனிக் மேடையில் அரங்கேறியபோது குழலூதியவர் யோகோயாமாதான். பிவா என்னும் நரம்புக் கருவியை வாசித்தவர் த்சுருதா கின்ஷி. பேரிசைக்குழு ஓய்ந்து நிற்க, இந்த இரண்டு கருவிகளும் நீண்ட நேரம் தனித்து ஒலிக்கும் படைப்பு அது. கொமுசோக்களின் மூச்சுக்கணக்கு அங்கே மேற்கத்திய அரங்கில் தலைநிமிர்ந்து நின்றது.

கிங்கோ மரபின் கோரோ யமாகுசி (1933–1999) குழலுக்குத் தந்த புகழ் வேறு வகை. கூட்டில் குஞ்சுகளைப் பேணும் கொக்குகளைப் பற்றிய பழைய உருப்படியை அவர் வாசித்த ஒலிப்பதிவு, ஏறத்தாழ ஐந்து நிமிடம், 1977இல் வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் ஏறியது. சிறகடிப்பையும் கூவலையும் நினைவூட்டும் உருளொலிகள் நிறைந்த உருப்படி அது. எட்டு ஆண்டுப் பாடத்தின் பயனை அதில் காது கொடுத்துக் கேட்கலாம்.

1988இல் ஒகாயாமா மாவட்டத்தின் பிசேயில் யோகோயாமா பயிற்சி நிலையம் தொடங்கினார். 1994இல் அங்கே நடந்த பன்னாட்டு விழா பிறகு போல்டர், நியூயார்க், சிட்னி, லண்டன் என்று ஊர் ஊராகப் போனது. சாமுராய்களுக்கு மட்டுமே உரியதென்று காக்கப்பட்ட குழலை இன்று எந்த நாட்டவரும் கற்கலாம். எந்த மரபில் சேர்ந்தாலும் பயிற்சி பெரும்பாலும் ‘ரோ’வில் தொடங்குகிறது. எல்லாத் துளைகளையும் மூடி, மிகத் தாழ்ந்த அந்தச் சுரத்தைக் காலையில் நீண்ட நேரம் ஊதுவார்கள். உதட்டின் கோணமும் காற்றின் அளவும் அதில்தான் படிகின்றன. பிறகே ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே அமர்ந்து ஒரே உருப்படியைச் சேர்ந்து ஊதுகிறார்கள். இசைத்தாளில் எழுதாத மேரி, காரி நுணுக்கங்களை மாணவர் அந்த நேரத்தில்தான் பிடித்துக்கொள்கிறார்.