லிசியே மடத்தில் ஒரு மூச்சுத் திணறல்

சிறுமலர் தெரேசாவின் படத்தில் நாம் காண்பது ரோசா மலர்களையும் பாடுபட்ட சுரூபத்தையும். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டில் லிசியே கார்மேல் மடத்து நோயாளர் அறையில் கிடந்தவரோ, மூச்சுக்காகப் போராடிய 24 வயதுக் காசநோயாளி. வலது நுரையீரல் முற்றும் அழிந்திருந்தது. இடது நுரையீரலிலும் ஒரு பகுதி போயிற்று. மருத்துவர் மார்ஃபின் ஊசி போட விரும்பினார். மடத்தலைவி இசையவில்லை, கார்மேல் கன்னியருக்கு அது இழுக்கு எனக் கருதினார். மார்ஃபின் கலந்த பாகு மட்டும் எப்போதாவது, சிறிதளவு கிடைத்தது. இத்தகைய நோயாளரின் அருகே நச்சு மருந்துகளை வைக்காதீர்கள் என்று தெரேசாவே தம் உடன்பிறந்த ஆக்னெஸ் அன்னையை எச்சரித்தார். புனிதையின் வாயிலிருந்து வந்த இவ்வெச்சரிக்கையை நம் மறையுரைகள் அதிகம் தொடுவதில்லை.

அம்மடத்தலைவியைக் கடிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. துன்பத்தை ஒப்புக்கொடுங்கள் என்று நானும் படுக்கையருகே நின்று சொல்லியிருக்கிறேன். மருந்து கிடைத்ததா என்று கேட்கத் தவறியிருக்கிறேன்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1957 பிப்ரவரி 24 அன்று, மயக்க மருந்து வல்லுநர்கள் எழுப்பிய வினாக்களுக்குத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் விடையளித்தார். வேறு வழியில்லாதபோது, நோயாளியின் சமயக் கடமைகளுக்கும் அறநெறிக் கடமைகளுக்கும் தடையாகாதவாறு, ஆயுளைக் குறைக்கக்கூடும் என்றாலும் வலியடக்கும் மருந்து தரலாம் என்றார். சாவை நாடுவது வேறு, வேதனையைத் தணிப்பது வேறு என்பதே அதன் அடிப்படை. மறுஆண்டு, அயர்லாந்துக் கன்னியர் இலண்டன் ஹாக்னியில் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் பணியேற்றார். வலி வரும்வரை காத்திராமல் மணிக்கணக்கு வைத்து மார்ஃபின் கொடுத்தார். அவர் ஆங்கிலிக்கன் சபையினர். 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார்.

மார்ஃபின் நுரையீரலைச் செப்பனிடுவதில்லை. காற்று போதவில்லை என்று மூளை எழுப்பும் அபாயக் குரலைத் தாழ்த்துகிறது. மருத்துவர் அளந்து கொடுக்கும் சிறு அளவே போதும். எல்லாருக்கும் அது பயன்படுவதுமில்லை: நாள்பட்ட நுரையீரல் அடைப்புள்ளோரிடம் நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில் பலன் தென்படவில்லை. ஆக்சிஜனும், இரத்தத்தில் அது குறைந்தவருக்கே பெரிதும் உதவுகிறது. முகத்தில் படும் குளிர்காற்றோ பலருக்குத் திணறலைக் குறைக்கிறது.

நோயில்பூசுதல் அளிக்கச் செல்லும் வீடுகளில் சன்னல்கள் சாத்தியிருக்கும். உறவினர் கட்டிலைச் சூழ்ந்து நிற்பர். இப்போதெல்லாம் எண்ணெய்ச் சிமிழைத் திறக்குமுன் சன்னலைத் திறக்கச் சொல்கிறேன். தலையணைகளை அடுக்கி நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்ததும், பேரப்பிள்ளை ஒருவன் பனையோலை விசிறியைத் தேடி எடுத்து வருகிறான்.