பிணத்துக்குப் பத்து பவுண்டு

1827 நவம்பர் 29. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம். வெஸ்ட் போர்ட் பகுதியில் டானர்ஸ் குளோஸ் என்றொரு சந்து. அங்கே வில்லியம் ஹேர் என்பவனும் அவன் மனைவி மார்கரெட்டும் ஒரு மலிவு விடுதி நடத்திவந்தார்கள். அந்த விடுதியில் தங்கியிருந்த டொனால்ட் என்ற பழைய ராணுவக்காரர், உடம்பில் நீர் கோத்து அன்று இறந்துபோனார். பென்ஷன் கைக்கு வருவதற்குள் உயிர் போய்விட்டது. விடுதிக்கு அவர் வைத்திருந்த பாக்கி 4 பவுண்டு. கிழவர் போனதைவிட அந்த 4 பவுண்டு போனதுதான் ஹேருக்குப் பெரிய துக்கம்.

அதே வீட்டில் தங்கியிருந்த செருப்புத் தொழிலாளி வில்லியம் பர்க்கிடம் புலம்பினான். இருவருமே அயர்லாந்திலிருந்து கால்வாய் வெட்டும் வேலைக்கு வந்தவர்கள். புலம்பல் சீக்கிரமே யோசனையாக மாறியது. சவப்பெட்டியில் தோல் பதனிடும் மரப்பட்டையைக் கொட்டி, ஆணி அடித்து, அடக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிணம் வீட்டிலேயே இருந்தது.

பிறகு பல்கலைக்கழகப் பக்கம் போய், உடற்கூறு பேராசிரியர் மன்ரோ எங்கே இருப்பார் என்று ஒரு மாணவனிடம் விசாரித்தார்கள். அவன் மன்ரோவிடம் அனுப்பவில்லை. சர்ஜன்ஸ் ஸ்கொயர், 10-ம் எண், டாக்டர் ராபர்ட் நாக்ஸ் என்று கைகாட்டினான். அன்றிரவு அங்கே பிணம் 7 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விலைபோனது. ஹேருக்கு 4 பவுண்டு 5 ஷில்லிங், பர்க்குக்கு 3 பவுண்டு 5 ஷில்லிங். பாக்கியும் வசூலானது, மேலே கொஞ்சம் லாபமும் வந்தது. இன்னொன்று கிடைத்தால் கொண்டு வாருங்கள் என்று நாக்ஸின் உதவியாளர்கள் சொல்லி அனுப்பியதாகப் பர்க் பின்னாளில் வாக்குமூலம் கொடுத்தான்.

பிணத்துக்கு எதற்கு இவ்வளவு கிராக்கி? எடின்பரோ அன்று மருத்துவப் படிப்புக்குப் பேர்போன ஊர். ஆனால் அறுத்துப் படிக்கச் சட்டம் அனுமதித்ததோ, தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடல் போன்ற மிகச் சிலவற்றை மட்டுமே. தூக்கு குறையக் குறையத் தட்டுப்பாடு கூடியது. புதைத்த பிணத்தை ராவோடு ராவாகத் தோண்டி விற்கவே தனிக் கூட்டம் உருவானது. வசதியுள்ளவர்கள் கல்லறைக்கு மேல் இரும்புக் கூண்டு போட்டார்கள். கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கூண்டுகளை இன்றும் பார்க்கலாம். இல்லாதவர்கள் ராக்கண் விழித்துக் காவல் இருந்தார்கள்.

டாக்டர் நாக்ஸ் அந்த ஊரின் நட்சத்திர ஆசிரியர். அம்மையில் ஒரு கண் போனவர், ராணுவ மருத்துவராக இருந்தவர், பேச்சில் மன்னர். மன்ரோவின் வகுப்பில் தூக்கம்தான் வரும். அங்கே மருத்துவம் படிக்கப் போன சார்லஸ் டார்வினே அந்த வகுப்பை வெறுத்தவர். நாக்ஸிடமோ 400 மாணவர்களுக்கு மேல். அத்தனை பேருக்கும் அறுக்க உடல் வேண்டும். குளிர்காலத்தில் 10 பவுண்டு, கோடையில் 8 பவுண்டு என்று விலை வைத்தார்கள். கோடையில் சீக்கிரம் கெட்டுப்போகும் அல்லவா.

கல்லறையைத் தோண்டும் சிரமம் எதற்கு என்று பர்க்கும் ஹேரும் நினைத்தார்கள். 1828-ல் சுமார் பத்து மாதங்களில் 16 பேரைக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள். பிச்சை எடுத்தவர்கள், வெளியூர்க்காரர்கள், தேடி வர நாதியில்லாதவர்கள். முறை ஒன்றுதான். வீட்டுக்கு அழைத்து, விஸ்கி ஊற்றிக்கொடுத்து, போதையில் சாய்ந்ததும் மூச்சை அடக்கிவிடுவார்கள். உடலில் காயம் இருக்காது. பதினாறும் போய்ச் சேர்ந்தது ஒரே வாசலுக்கு.

அந்த வாசலில் யாருக்கும் சந்தேகமே வரவில்லையா என்றால், வந்தது. ஏப்ரலில் மேரி பேட்டர்சன் என்ற இளம்பெண்ணின் உடல் வந்தபோது, இவளை எனக்குத் தெரியுமே என்றான் ஒரு மாணவன். ஒரு கிழவியிடமிருந்து வாங்கினேன் என்றான் பர்க். அத்தோடு விசாரணை முடிந்தது. உடல் அழகாக இருக்கிறது என்று மூன்று மாதம் விஸ்கியில் ஊறவைத்துப் பாதுகாத்தார் நாக்ஸ்.

அக்டோபரில் ஜேமி. முழுப்பெயர் ஜேம்ஸ் வில்சன். பதினெட்டு வயதிருக்கும், புத்தி சற்றுக் குறைவு. கோணலான பாதங்களோடு செருப்பில்லாமல் தெருத்தெருவாகத் திரிவான். விடுகதை போடுவான். ஊரில் அவனைத் தெரியாதவர் இல்லை. அவன் தாய் அவனைத் தேடி அலைந்துகொண்டிருக்க, சர்ஜன்ஸ் ஸ்கொயரில் துணியை விலக்கியதும் மாணவர்கள் அடையாளம் கண்டுவிட்டார்கள். இது ஜேமி இல்லை என்று மறுத்தார் நாக்ஸ். பிறகு வழக்கமான வரிசையை மீறி அந்த உடலை முதலில் அறுத்ததாகவும், தலையும் பாதங்களும் முன்கூட்டியே அகற்றப்பட்டதாகவும் அன்று பேச்சு. ஜேமியின் துணிமணிகள் பர்க்கின் சகோதரனின் பிள்ளைகளுக்குப் போயின.

கடைசியில் குட்டை உடைத்தவர்கள் ஒரு ஏழைத் தம்பதி. அக்டோபர் 31 அன்று டொகார்ட்டி என்ற அயர்லாந்துக் கிழவியை ஒரு கடையில் சந்தித்தான் பர்க். என் அம்மாவும் டொகார்ட்டிதான் என்று உறவு கொண்டாடி, அதற்குள் தனியாகக் குடிபோயிருந்த தன் வீட்டுக்கு அழைத்துவந்தான். அங்கே குடியிருந்த ஜேம்ஸ் கிரே, அவர் மனைவி ஆன் இருவரையும் அன்றிரவு மட்டும் ஹேரின் விடுதிக்கு அனுப்பிவிட்டான். மறுநாள் வந்தால் கிழவியைக் காணோம். குழந்தையின் காலுறையை எடுக்கக் கட்டில் பக்கம் போன ஆனை, வைக்கோல் கிட்டே போகாதே என்று பர்க் அதட்டினான். அவன் நகர்ந்ததும் கணவனும் மனைவியும் வைக்கோலை விலக்கினார்கள். உள்ளே கிழவியின் பிணம்.

படியிறங்கும்போது பர்க்கோடு வாழ்ந்த ஹெலன் மெக்டூகல் எதிரே வந்து கெஞ்சினாள். வாய் திறக்காமல் இருந்தால் வாரம் 10 பவுண்டு கிடைக்கும் என்றாள். ஒண்ட இடமில்லாத கிரே தம்பதி அதை உதறிவிட்டு நேரே போலீஸுக்குப் போனார்கள். இந்தத் தொடரில் இதுவரை வந்த மனிதர்களில் எனக்கு மிகப் பிடித்தவர்கள் இவர்கள் இருவரும்தான்.

உடல் நாக்ஸின் கட்டடத்தில், ஒரு தேயிலைப் பெட்டிக்குள் கிடைத்தது. ஆனால் கொலைதான் என்று மருத்துவர்களால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அரசுத் தரப்பு ஹேரை அப்ரூவராக்கியது. டிசம்பர் 24 காலை தொடங்கிய விசாரணை விடிய விடிய நடந்தது. கிறிஸ்துமஸ் காலையில் ஜூரிகள் ஐம்பதே நிமிடத்தில் முடிவுக்கு வந்தார்கள். பர்க் குற்றவாளி. மெக்டூகல் மீதான குற்றம் நிரூபணமாகவில்லை.

1829 ஜனவரி 28 அன்று, கொட்டும் மழையில், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தின் நடுவே பர்க்கைத் தூக்கிலிட்டார்கள். உடலை அறுக்கவும் தீர்ப்பு. அறுத்தவர் யார் தெரியுமா? முதல் பிணத்தை விற்க அவன் தேடிப்போன அதே மன்ரோ. பர்க்கின் ரத்தத்தில் பேனாவைத் தோய்த்து, இது பர்க்கின் ரத்தத்தால் எழுதியது என்று ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஹேர் பிப்ரவரியில் விடுதலையானான். ஜேமியின் தாய் அவன்மீது வழக்கு நடத்த முயன்றும் நீதிமன்றம் ஏற்கவில்லை. டம்ஃப்ரீஸ் ஊரில் ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்துகொள்ள, போலீஸ் அவனைக் காப்பாற்றி இங்கிலாந்து எல்லை தாண்ட விட்டது. அதன்பின் அவன் என்னவானான் என்பதற்குத் தடயமில்லை.

நாக்ஸ்? வழக்கு இல்லை. சாட்சிக்கூண்டில்கூட ஏறவில்லை. கொலைக்கு அவர் தூண்டவில்லை என்று பர்க்கே சொல்லியிருந்தான். ஒரு விசாரணைக் குழு, அவருக்கு எதுவும் தெரியாது, கவனக்குறைவு மட்டும் உண்டு என்று முடித்தது. ஊர்மக்கள் அவர் வீட்டின் முன் கொடும்பாவி கட்டி, ஜன்னல்களை நொறுக்கினார்கள். மாணவர்கள் தங்கக் குடுவை பரிசளித்தார்கள். செல்வாக்கு மெல்லத் தேய்ந்து, லண்டனுக்குப் போய், 1862-ல் இறந்தார்.

கொலைக்கு அவர் உடந்தை என்று சொல்ல எனக்கும் ஆதாரமில்லை. ஆனால் தெரியாது என்பதை நான் நம்பத் தயாரில்லை. புதைத்த பிணத்துக்கும் புதைக்காத பிணத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்? கேட்டால் வரத்து நின்றுவிடும். அதனால் கேட்கவில்லை.

கேட்டிருக்க முடியும் என்பதற்கு லண்டனில் சாட்சி இருக்கிறது. 1831 நவம்பரில் கிங்ஸ் கல்லூரிக்கு ஒரு சிறுவனின் உடல் விற்பனைக்கு வந்தது. புதைத்த அறிகுறியே இல்லை. ஆசிரியர் ரிச்சர்ட் பார்ட்ரிட்ஜ் 50 பவுண்டு நோட்டைக் காட்டி, சில்லறை மாற்றி வருகிறேன் என்று விற்க வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு, போலீஸுக்கு ஆள் அனுப்பினார். அடுத்த ஆண்டே உடற்கூறு சட்டம் வந்தது. யாரும் உரிமை கோராத ஏழைகளின் உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்க அது வழிசெய்தது. பிணச் சந்தை படுத்தது. அதுவரை கொலைகாரர்களுக்கு விதித்த தண்டனை, ஏழை விடுதிகளில் அநாதையாகச் செத்தவர்களின் தலையில் விழுந்தது. அந்த லண்டன் வழக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)