பொக்லைன்

எங்கள் தெருக்கோடியில் வாய்க்கால் தோண்ட வந்த இயந்திரத்தைக் கண்டு பேரன், "தாத்தா, ஜேசிபி!" என்று கத்தினான். எங்கள் காலத்தில் எந்தத் தோண்டும் இயந்திரமும் 'பொக்லைன்'தான். அது பிரெஞ்சுப் பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நான் 'பொக்ளேன்' என்று சொல்லப்போய், அலுவலகத்தில் நண்பர்கள் சிரித்ததுண்டு.

அமெரிக்காவில் வில்லியம் ஓட்டிஸ் 1839-இல் நீராவி மண்வாரிக்குக் காப்புரிமை பெற்றார். அது சங்கிலியை இழுத்து மண் அள்ளியது. பாரிசுக்கு வடகிழக்கே ழோர்ழ் பத்தாய் 1927-இல் தொடங்கிய பொக்லைன் பட்டறையோ 1951-இல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இயந்திரத்தைச் செய்தது. 1961-இல் வந்த அவர்களுடைய டி.ஒய். 45 முழு வட்டமும் சுழன்றது. இந்தியாவில் லார்சன் அண்ட் டூப்ரோ பொக்லைன் இயந்திரங்களைத் தயாரித்ததால் பெயர் இங்கும் ஊன்றிவிட்டது.

அதன் பாகங்களைப் பேரனுக்கு மனித உடம்பை வைத்தே விளக்கினேன். மேல்கை பூம், பிரெஞ்சில் 'ஃப்ளேஷ்', அதாவது அம்பு. முழங்கைக்குக் கீழே ஆர்ம். உள்ளங்கை பக்கெட். எஞ்சின் பம்பை ஓட்ட, பம்பு எண்ணெயை அழுத்தி சிலிண்டர்களுக்கு அனுப்பும், அவைதான் தசை. இடுப்புக்குப் பல் வைத்த பெரிய வளையம். மண்ணைத் தூக்கும்போது முன்பக்கம் குடைசாயாமல் இருக்கப் பின்னால் இரும்புப் பாரம். காலுக்குச் சங்கிலிப் பட்டை. பிரெஞ்சில் அதைக் 'கம்பளிப்பூச்சி' என்பார்கள்.

சொல்லி முடித்தபோது பழைய நினைவு ஒன்று வந்தது. 1970-களில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில், ஏரி வேலை என்றால் மஸ்டர் ரோல் பக்கம் பக்கமாக வரும். வெட்டுகிறவர், கூடை சுமக்கிறவர் என்று ஆளுக்கொரு வரி, எதிரே கைநாட்டு. இயந்திரம் வந்தபின் பில்லில் ஒரே வரி: இத்தனை மணி நேரம், இவ்வளவு ரூபாய். கூட்டிக் கழிக்கும் வேலை குறைந்ததென்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் கூடை சுமந்த அம்மாள் ஒருத்தி அலுவலக வாசலில் நின்று, "அடுத்த வேலை எப்போ சாமி?" என்று கேட்டாள். "வந்தா சொல்லியனுப்பறேன்" என்றேன். வராது என்பது எனக்குத் தெரியும். பில் என் மேசையில்தான் இருந்தது. அவள் பெயரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இப்போது நினைவில்லை.